தீவோடு முடியாத வரலாறு: மரவாள் வீரர் மியாமோட்டோ முசாஷி

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்ந்த முதிய தலைமுறையினருக்கு ஜப்பான் என்னும் நாடு வானத்திலிருந்தே அறிமுகமாயிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி காலை, அட்மிரல் நகுமோவின் தலைமையில் வங்கக் கடலுக்கு வந்திருந்த விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத் தளத்தின் மீதும் குண்டுகளைப் பொழிந்தன. அன்றைய தினமே ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற்பட்ட கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்தவர்களுக்கு அதே ஜப்பான் மோட்டார் வாகனங்களாலும் வானொலிப் பெட்டிகளாலும் கராத்தே வகுப்புகளாலும் அறிமுகமான நாடாக மாறிப்போனது.

அந்த விமானங்களை ஓட்டி வந்த இளைஞர்களின் காலத்தில் ஜப்பானில் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்த தொடர்கதை ஒன்று உண்டு. 1935 முதல் 1939 வரை அசாஹி நாளிதழில் யோஷிகாவா எய்ஜி என்பவர் எழுதி வந்த 'முசாஷி' என்னும் நாவலே அது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியே அதன் நாயகர். போர் முடிந்த பின்னர் 1954 தொடக்கம் 1956 வரை மூன்று பாகங்களாக அது திரைப்படமாகவும் வெளிவந்து, முதற் பாகம் அமெரிக்காவின் ஒஸ்கார் விருதைப் பெற்றுக்கொண்டது. நாவலும் சரி, திரைப்படமும் சரி, ஒரே இடத்திலேயே முடிவடைகின்றன. ஒரு சிறு தீவின் கடற்கரையில் முசாஷி தம் எதிரியை மரவாளால் அடித்து வீழ்த்துகிறார். கதை முற்றிற்று.

அப்போது முசாஷிக்கு வயது 29. அதன் பின்னர் அவர் மேலும் 33 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அந்தப் பிற்பாதியை அறியாமல் முற்பாதியை மட்டும் கேட்டு வளரும் இளைஞன் முசாஷியைப் பற்றித் தவறான பாடத்தையே கற்றுக்கொள்வான் என்பது எமது கருத்து. ஆயுதம் என்ன செய்யும் என்பதை ஏட்டில் படித்து அறிய வேண்டிய நிலையில் இல்லாத ஒரு மாவட்டத்திலிருந்து இதனை எழுதுகிறோம் என்பதையும் வாசகர்கள் மனங்கொள்வார்களாக.

முதலில் அந்த மரவாளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஜப்பானிய வாள் மிகக் கூரியது. அதனை வைத்துக்கொண்டு இருவர் பழகினால் பழக்கம் முடிவதற்குள் ஒருவர் முடிந்துவிடுவார். எனவே வாளின் வளைவையும் நீளத்தையும் ஒத்ததாக மரத்தில் ஒன்றைச் செதுக்கிப் பயின்றனர். பொக்கென் அல்லது பொக்குத்தோ எனப்படும் இம்மரவாள் பெரும்பாலும் ஓக் மரத்தில் செய்யப்படுவது. ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமுடையது. எங்கள் காட்டு முதிரையையும் பாலையையும் அறிந்தவர்களுக்கு அதன் கனத்தையும் உறுதியையும் விளக்க வேண்டியதில்லை. கூர் இல்லையே தவிர, ஓங்கி அடித்தால் மண்டை பிளக்கும். ஆகவே மரவாளைக் கொண்டு பழகுவோர் முன்கூட்டியே வகுக்கப்பட்ட அடிவரிசைகளையே இருவராக நின்று செய்வர். அடி உடலைத் தொடுமுன் நின்றுவிட வேண்டும். அடிப்பதற்கு ஒரு பங்கு பயிற்சி என்றால் அடியை நிறுத்துவதற்கு இரு பங்கு பயிற்சி தேவைப்படும்.

கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் சிலம்படியும் சீனடியும் பழகியவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கம்பை எடுத்தவுடன் அடிக்கத் தொடங்குவதில்லை. சலாவரிசை செய்து, குருவுக்கும் களத்துக்கும் எதிரில் நிற்பவருக்கும் மரியாதை செலுத்திய பின்னரே கால்வைப்பு ஆரம்பமாகும். ஓங்கிய கம்பு எதிரே நிற்பவனின் காதோரத்தில் வந்து நிற்கும்போது பார்த்திருப்போர் மூச்சை அடக்கிக்கொள்வர். அந்த இடத்தில்தான் கற்றவன் யார், கல்லாதவன் யார் என்பது தெரியவரும்.

இனி முசாஷியின் வரலாற்றுக்கு வருவோம்.

அவர் பிறந்த ஊரைப் பற்றியே இரு கருத்துகள் உள்ளன. ஹரிமா நாட்டில் பிறந்ததாக அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். மிமசாக்கா நாட்டின் மியாமோட்டோ கிராமமே பிறப்பிடம் என்பது மற்றொரு மரபு. பிறந்த ஆண்டு 1584 எனப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. தந்தை என்றோ வளர்ப்புத் தந்தை என்றோ கூறப்படும் முனிசாய் வாளிலும், வாளைத் தடுத்து மடக்கும் இரும்புக் கோலாகிய ஜித்தேயிலும் வல்லவர். ஜப்பான் நூறாண்டுக்கு மேலாகத் தன்னுள்ளே போரிட்டுக் கொண்டிருந்த காலத்தின் இறுதிப் பகுதி அது. ஆயுதம் அறிந்தவனுக்குச் சோறு உண்டு என்ற நிலை மெல்ல மாறிக்கொண்டிருந்தது.

பதின்மூன்றாவது வயதில் அரிமா கிஹெய் என்னும் வாள்வீரரைப் போட்டிக்கு அழைத்துக் கொன்றதே அவருடைய முதற் சண்டை. சிறுவன் தடியொன்றினால் அவரை அடித்து வீழ்த்தினான் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு மனிதனை அடித்துக் கொன்றதை வீரக் கதையாகச் சொல்லி மகிழ்வதில் எமக்கு உடன்பாடில்லை. மரத்தால் செய்த துப்பாக்கியை ஏந்திப் பயிற்சி எடுத்த பிள்ளைகளை எமது வடக்குக் கிழக்கு கண்டிருக்கிறது. அவர்களுடைய தாய்மார் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர்.

1600ஆம் ஆண்டில் செக்கிகஹாராப் பெரும்போர் நிகழ்ந்து, தோக்குகவா குலத்தினர் நாட்டின் அதிபதிகளாயினர். அந்தப் போரில் தோற்ற மேற்குப் படையில் முசாஷி நின்றார் என்றே கதைகள் கூறுகின்றன. ஆயினும் அவர் தந்தையோடு சேர்ந்து கியூஷூத் தீவில் வென்ற தரப்பில் நின்றிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உளர். எது எவ்வாறாயினும், போர் ஓய்ந்த நாட்டில் வாள் ஒன்றைத் தவிர வேறு உடைமை இல்லாத ஆயிரக்கணக்கானோர் தலைவர்களின்றித் தெருவில் நின்றனர். அவர்களுள் முசாஷியும் ஒருவர். பெயர் பெற்ற ஒருவரை வெல்வதே பிழைப்புக்கு வழியாக இருந்தது. இந்த அலைச்சலையும் பசியையும் மறந்துவிட்டு அக்காலத்துச் சண்டைகளை மானப் பிரச்சினைகளாக மட்டும் நோக்குவது பொருத்தமாகாது.

21ஆவது வயதில் அவர் தலைநகராகிய கியோட்டோவுக்குச் சென்றார். அங்கே யோஷியோக்கா குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக வாட்கலையைக் கற்பித்து வந்தனர். அக்குடும்பத்தின் மூத்தவர் செய்ஜூரோவை முசாஷி மரவாளின் ஒரே அடியால் வீழ்த்தினார். உயிர் தப்பிய செய்ஜூரோ வாட்கலையை முற்றாகத் துறந்து தலையை மழித்துக் கொண்டார். இளையவர் டென்ஷிச்சிரோ தாமும் ஐந்தடி நீளமான மரவாள் ஒன்றுடன் வந்தார். அதனையே பறித்து முசாஷி அவரை அடித்துக் கொன்றார் என்று, முசாஷி இறந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னர் 1654இல் அவருடைய வளர்ப்பு மகன் இயோரி கோக்குரா நகரில் எழுப்பிய கல்வெட்டு கூறுகிறது. அதன் பின்னர் மாணவர்கள் திரண்டு வந்து இச்சிஜோஜி என்னும் இடத்தில் நடத்திய மோதலிலும் முசாஷியே வென்றார். மகன் தந்தைக்கு எழுப்பிய கல்வெட்டு என்பதை நினைவில் வைத்தே இவற்றை வாசித்தல் வேண்டும்.

பதின்மூன்று வயது தொடங்கி இருபத்தொன்பது வயது வரை அறுபதுக்கு மேற்பட்ட போட்டிகளில் ஈடுபட்டு ஒன்றிலேனும் தோற்கவில்லை என்று அவரே பின்னாளில் குறித்துள்ளார்.

அவற்றுள் இறுதியானதும் பெரும்புகழ் பெற்றதும் 1612ஆம் ஆண்டு நடைபெற்றது. ஹொன்ஷூவையும் கியூஷூவையும் பிரிக்கும் ஒடுங்கிய நீரிணையில் ஃபுனாஜிமா என்னும் சிறு தீவு உள்ளது. பின்னாளில் அது கன்ரியூத் தீவு எனப் பெயர் பெற்றது. எதிரி சசாக்கி கோஜிரோ. ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் நீளமான அலகினையுடைய உருக்கு வாள் அவருடையது. அதன் நீளத்தைக் கண்டு மக்கள் அதனைத் துணி உலர்த்தும் கோல் என்று அழைத்தனர். முசாஷி கொண்டுவந்ததோ மரவாள்.

எல்லோரும் அறிந்த கதை இவ்வாறு செல்லும். குறித்த நேரத்துக்கு முசாஷி வரவில்லை. எதிரியைக் காக்க வைத்து எரிச்சலூட்டினார். படகில் வரும்போது பழைய துடுப்பு ஒன்றை எடுத்துக் கத்தியால் சீவி மரவாளாக்கினார். நீளமான வாளுக்கு மேலாக நீளமான மரவாள். எங்கள் கரையோர மக்கள் சவள் என்று சொல்லும் துடுப்பின் நீளத்தையும் கனத்தையும் அறிந்தவர்களுக்கு, அதனை வாளாகச் சுழற்றுவதற்கு எத்தகைய தோள்வலிமை வேண்டும் என்பது விளங்கும். கோஜிரோவின் வாள்நுனி முசாஷியின் தலைப்பட்டியை அறுத்தது. முசாஷியின் துடுப்பு கோஜிரோவின் தலையில் இறங்கியது. சிறிது நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்தக் கதை 1776இல் தொகுக்கப்பட்ட ஒரு நூலிலிருந்தே பெரிதும் எடுக்கப்படுகிறது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே 160 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. மேலே கூறிய கோக்குராக் கல்வெட்டோ இருவரும் ஒரே நேரத்தில் தீவை அடைந்தனர் என்கிறது. காக்க வைத்த தந்திரத்தைப் பற்றி அதிலே ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவதாக ஒரு பதிவும் உண்டு. அப்பகுதிக் கோட்டை ஒன்றுக்குப் பொறுப்பாயிருந்த நுமாத்தா குடும்பத்தினர் 1672இல் தொகுத்த குடும்பக் குறிப்பு அது. தனியே வருவதாக இருதரப்பும் ஒப்புக்கொண்டிருந்தும், முசாஷியின் மாணவர்கள் முன்கூட்டியே தீவில் ஒளிந்திருந்தனர் என்றும், அடிபட்டு விழுந்த கோஜிரோ மீண்டும் மூச்செடுத்து எழுந்தபோது அவர்களே அவரைக் கொன்றனர் என்றும் அக்குறிப்புக் கூறுகிறது. பழிவாங்க வந்த கோஜிரோவின் மாணவர்களிடமிருந்து முசாஷி அக்கோட்டையிலேயே அடைக்கலம் தேடினாராம். இதுவே முழு உண்மை என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆயினும், கதையைவிட நூறாண்டு முந்திய இந்தப் பதிவை ஒதுக்கிவிட்டுக் கதையை மாத்திரம் பிள்ளைகளுக்குச் சொல்வது நேர்மையாகாது. மரவாளால் அடிபட்டவன் எழுந்திருக்கக்கூடும் என்பதே அதன் இயல்பு. அந்த மனிதனுக்கு எழுந்திருக்க இடம் கொடுக்கப்பட்டதா என்பதே கேள்வி.

நாவலும் திரைப்படமும் இங்கே திரையை இழுத்து மூடிவிடுகின்றன. முசாஷியின் வாழ்க்கையில் கவனத்துக்குரிய பகுதி இங்கேயே தொடங்குகிறது எனலாம்.

முப்பதாவது வயதில் அவர் தம் வெற்றிகளைத் திரும்பிப் பார்த்தார். அந்த வெற்றிகள் தாம் கலையின் உச்சத்தை எட்டியதால் வந்தவையல்ல. இயற்கையாக அமைந்த உடல்வலிமையாலோ, நல்வாய்ப்பாலோ, எதிரிகளின் பயிற்சி குறைபட்டிருந்ததாலோ வந்தவையாகவே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்ததாகத் தாமே எழுதியிருக்கிறார். அறுபது வெற்றிகளைக் கையில் வைத்திருந்த ஒருவர், அவற்றுள் ஒன்றேனும் தம்முடையதல்ல என்று கூறுவது எளிதான செயலன்று. அதன் பின்னர் காலையும் மாலையும் பயின்று ஐம்பது வயதளவிலேயே தமக்குத் தெளிவு பிறந்தது என்கிறார். இடைப்பட்ட காலத்தில் போட்டிகள் சில நடந்ததாகச் செய்திகள் உண்டெனினும், எதிரியைக் கொல்லாது அவருடைய அடியைத் தடுத்து நெருக்கி, தோல்வியை அவரே உணரச் செய்யும் முறையையே பிற்காலத்து முசாஷி கைக்கொண்டதாக அக்கதைகள் கூறுகின்றன.

கைத்தொழில்களிலும் ஓவியத்திலும் அவருடைய மனம் சென்றது இக்காலத்திலேயே. அகாஷி நகரத்தின் தெருக்களைத் திட்டமிட்டவர் என்றும் தோட்டங்களை அமைத்தவர் என்றும் அவரைக் கூறுவர். வாளின் கைக்காப்பு, குதிரைச் சேணம், மரச் சிற்பம் என்று பலவற்றையும் தம் கையாலேயே செய்தார். கறுப்பு மையினால் அவர் வரைந்த ஓவியங்களுள், பட்டுப்போன கிளையின் நுனியில் ஒரு கீச்சான் குருவி அமர்ந்திருக்கும் ஓவியம் இன்று ஜப்பானின் முக்கிய பண்பாட்டுச் சொத்துகளுள் ஒன்றாகப் பேணப்படுகிறது. தூரிகையின் ஒரே நீண்ட இழுப்பில் கிளை நிமிர்ந்து நிற்கிறது. அதன் நடுப்பகுதியில் புழு ஒன்று மேல்நோக்கி ஊர்கிறது. மேலே குருவி இருப்பதைப் புழு அறியாது. குருவியோ வேறெங்கோ பார்த்துக் கொண்டிருக்கிறது.

மணம் முடிக்காத முசாஷி பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். மிக்கினோசுக்கே என்னும் மகன் ஹிமேஜி நகரத்துப் பிரபு வீட்டில் பணியாற்றினான். 1626இல் தலைவன் நோயுற்று இறந்தபோது, அக்காலத்து வழக்கப்படி மகனும் தன் வயிற்றைக் கிழித்து உயிரை மாய்த்துக் கொண்டான். மற்றொரு மகன் இயோரி ஒகசவாரா பிரபுவின் கீழ் மிக இளம் வயதிலேயே தலைமை அதிகாரிகளுள் ஒருவராக உயர்ந்தார். முசாஷிக்கே கிடைக்காத பதவி அது. வாழ்நாளின் பெரும்பகுதியில் அவர் விருந்தினராகவே பிரபுக்களின் வீடுகளில் தங்கியிருந்தார்.

இனிக் கூறப்போவது அவருடைய வரலாற்றில் நாம் விழுங்க இயலாத பகுதி.

1637இன் இறுதியில் கியூஷூவின் ஷிமாபராவிலும் அயலிலுள்ள அமக்குசாத் தீவுகளிலும் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். விளைச்சல் பொய்த்த காலத்திலும் ஈவிரக்கமின்றி அறவிடப்பட்ட வரி ஒரு காரணம். அவர்களிற் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாயிருந்தமையும் அம்மதம் அங்கே தடைசெய்யப்பட்டுக் கொடுமைப்படுத்தப்பட்டமையும் மற்றொரு காரணம். பதின்ம வயதைத் தாண்டாத அமக்குசா ஷிரோ என்னும் இளைஞனைத் தலைவனாகக் கொண்டு, ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகப் பாழடைந்த ஹாராக் கோட்டைக்குள் புகுந்து கொண்டனர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அரசாங்கப் படை அவர்களைச் சூழ்ந்தது. 1638ஆம் ஆண்டு ஏப்ரலில் கோட்டை வீழ்ந்தபோது உள்ளிருந்தோரில் ஏறக்குறைய எவரும் தப்பவில்லை. மாண்டோர் தொகை 37,000 அளவினது என்று பொதுவாகக் கூறப்படும்.

அந்தச் சூழ்ந்து நின்ற படையில், ஒகசவாரா குலத்தாரோடு, ஐம்பத்தைந்து வயதான முசாஷியும் நின்றார்.

அங்கே நடந்ததை அவரே ஒரு பிரபுவுக்கு எழுதிய கடிதம் எஞ்சியுள்ளது. கோட்டைச் சுவரின் மேலிருந்து எறியப்பட்ட கல் காலில் பட்டு, தம்மால் எழுந்து நிற்கவும் இயலவில்லை என்று அதில் தெரிவித்திருக்கிறார். அறுபது வாள்வீரர்களால் வீழ்த்த முடியாதவரை, பசித்த குடியானவர்களில் யாரோ ஒருவர், ஒருவேளை ஒரு பெண்ணாகவோ சிறுவனாகவோ இருக்கலாம், கல்லெறிந்து விழுத்திவிட்டார். கல்லுக்கு நடைமுறையும் தெரியாது, பெயர் பெற்ற பள்ளியும் தெரியாது. இந்தச் சம்பவத்தை முசாஷியின் புகழ்பாடுவோர் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவர். சிறுபான்மையாக வாழ்ந்து பழகிய எமக்கு அவ்வாறு கடந்துபோவது கடினம். கலையிலும் அறிவிலும் உயர்ந்த ஒரு மனிதர், சோற்றுக்கும் வழிபாட்டுக்குமாக எழுந்த ஏழைகளுக்கு எதிரான படையில் நின்றார் என்பதை மறைத்துவிட்டு அவருடைய வரலாற்றை எழுத முடியாது.

இந்த முற்றுகைக்கும் எமது துறைமுகத்துக்கும் இடையே ஒரு தொடர்பு இருப்பதையும் இங்கே குறிப்பிடலாம். ஹாராக் கோட்டையின் மீது கடலிலிருந்து பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்தது ஓர் ஒல்லாந்தக் கப்பல். ஜப்பானிய அரசின் வேண்டுகோளுக்கிணங்கி, வணிகத்தைக் காப்பாற்றிக் கொள்வதற்காகவே ஒல்லாந்தர் அதனைச் செய்தனர். மறு வருடம், 1639இல், ஜப்பான் போர்த்துக்கேயரை முற்றாக வெளியேற்றியது. அதே 1639இல் ஒல்லாந்தக் கம்பனியின் படை கண்டி மன்னனுடன் கூட்டுச் சேர்ந்து திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1620களில், போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களைக் கொண்டே அந்தக் கோட்டையைக் கட்டியிருந்தனர். 1626இல் அவர்களால் கரையோரங்களிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். முசாஷி ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த ஆண்டுகள் இவை. ஒரே கடலில் ஓடிய கப்பல்கள் ஓரிடத்தில் ஒரு சமயத்தாரையும் மற்றோரிடத்தில் வேறு சமயத்தாரையும் சுட்டன.

1640இல் குமாமொட்டோவின் பிரபு ஹொசோகாவா தடதோஷி முசாஷியைத் தம்மிடம் அழைத்துக் கொண்டார். 300 கொக்கு நெல்லுக்கு ஈடான மதிப்புக் கொடையும் குடியிருக்க இடமும் வழங்கினார். இருவரும் வாட்கலையைப் பற்றி உரையாடக்கூடிய நண்பர்களாயினர். தடதோஷியின் வேண்டுகோளின் பேரில் 35 பகுதிகள் கொண்ட சிறுநூலொன்றை முசாஷி 1641இல் எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டில் தடதோஷி காலமானார். அந்த இழப்பின் பின்னர் முசாஷி மேன்மேலும் தனிமையை நாடியதாகக் கூறுவர்.

1643ஆம் ஆண்டு, அறுபது வயதில், குமாமொட்டோவுக்கு மேற்கேயுள்ள மலையில் ரெய்கண்டோ என்னும் குகைக்குச் சென்று தம் முதன்மையான நூலை எழுதத் தொடங்கினார். நிலம், நீர், நெருப்பு, காற்று, வெறுமை என ஐந்து சுருள்களாக அமைந்த அந்நூல் இன்று உலக மொழிகள் பலவற்றில் வாசிக்கப்படுகிறது. வியாபார நிருவாகம் கற்பிப்போரும் அதனைக் கையிலெடுத்துக் கொண்டமை எதிர்பாராத ஒன்று. எம்மைக் கவர்ந்தது நிலச் சுருளில் வரும் தச்சர் உவமை. படைத்தலைவனை அவர் மூத்த தச்சனுக்கு ஒப்பிடுகிறார். நேரானதும் கணுவற்றதுமான மரத்தை முன்தூணாக வைக்க வேண்டும். சற்றுக் கணுவுடையதாயினும் உறுதியானதைப் பின்தூணாக்க வேண்டும். வலுவற்றதாயினும் அழகியதைக் கதவு நிலைக்கும், கோணலானதை மறைவான இடத்துக்கும் பயன்படுத்த வேண்டும். எதற்கும் உதவாத மரம் விறகாகலாம். மனிதரையும் அவ்வாறே தரமறிந்து நிறுத்த வேண்டும் என்பது கருத்து. வாழ்நாள் முழுதும் மரத்தைச் செதுக்கியவரின் கையிலிருந்தே இத்தகைய உவமை வரும்.

இரு கைகளிலும் இரு வாள் ஏந்தும் அவருடைய முறைக்கும் விளக்கம் அந்நூலில் உண்டு. வீரர்கள் இடையில் நீண்டதும் குறுகியதுமாக இரு வாள்களை அணிகின்றனர். ஒன்று உறையிலேயே கிடக்க மற்றொன்றோடு மட்டும் போரிட்டு மடிவது வீண் என்பது அவருடைய வாதம். குதிரை மீதும் சதுப்பு நிலத்திலும் நெரிசலிலும் ஒரு கையாலேயே வாளைச் சுழற்ற நேரிடும். ஆகவே தொடக்கத்திலிருந்தே ஒரு கைக்கு ஒரு வாளாகப் பழக வேண்டும் என்றார். தொடக்கத்தில் பாரமாகத் தோன்றும் எதுவும் பழகப் பழகக் கைக்கு இசையும் என்பதே அவர் அடிக்கடி வலியுறுத்தியது.

1645ஆம் ஆண்டு, நோய் முற்றிய நிலையில், ஐந்து சுருள்களையும் மாணவர் தெராவோ மகோனோஜோவிடம் ஒப்படைத்தார். தம் வாழ்க்கை நெறியை 21 சிறு வரிகளாக எழுதி வைத்தார். தெய்வங்களை மதித்தல் வேண்டும், ஆனால் அவற்றின் உதவியை எதிர்நோக்கலாகாது என்ற பொருளில் அமைந்த ஒரு வரி நம் வாசகர்களிற் பலருக்கு உடன்பாடாக இராது. எதற்கும் வருந்தி நிற்பதில்லை என்ற பொருளில் வேறொரு வரியும் உண்டு. ஷிமாபராவை நினைக்குந்தோறும் அந்த வரியிலே எமது கண் தட்டுப்படுகிறது. சில நாட்களுக்குள் அவர் காலமானார். இன்றைய நாட்காட்டியின்படி அது 1645 ஜூன் 13 ஆகும்.

அவருக்குப் பின்னர் பயிற்சி வாளும் மாறிற்று. பிளந்த மூங்கிலைத் தோலுறையில் இட்டுப் பழகும் வழக்கம் அவர் பிறப்பதற்கு முன்னரே தோன்றியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகனுமா குனிசத்தோ முதலியோர் முகத்துக்கும் மணிக்கட்டுக்கும் மார்புக்கும் காப்புகளைச் சீர்செய்தபோது, மூங்கில் வாளால் தயக்கமின்றி முழுவலிமையோடு அடித்துப் பழகுவது சாத்தியமாயிற்று. ஷினாய் எனப்படும் அந்த வாள் நான்கு மூங்கில் கீற்றுகளைத் தோலாலும் நாணாலும் பிணைத்துச் செய்யப்படுவது. அடி விழும்போது கீற்றுகள் வளைந்து கொடுத்து அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும். எங்கள் பிரம்புக் கம்பின் குணமும் இதுவே. இன்றைய கெண்டோ விளையாட்டில் பெரியவர்களின் ஷினாய் 120 சென்ரிமீற்றரைத் தாண்டலாகாது என்பது விதி. இராணுவ ஆட்சிக் காலத்தில் ஜப்பானியப் பாடசாலைகளில் போர்வெறியை ஊட்டுவதற்குக் கெண்டோ பயன்படுத்தப்பட்டமையால், 1945இல் நாட்டைக் கைப்பற்றிய நேசநாட்டு நிருவாகம் பாடசாலைகளில் அதனைத் தடைசெய்தது. 1952இல் அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் அமைக்கப்பட்டது. அதன் பின்னரே அக்கலை விளையாட்டாகவும் ஒழுக்கப் பயிற்சியாகவும் மறுபிறப்பெடுத்தது.

முசாஷியின் கையால் செதுக்கப்பட்டதாகக் கூறப்படும் மரவாள் ஒன்று குமாமொட்டோ மாகாணத்தின் யத்சுஷிரோ நகரில், ஹொசோகாவா பிரபுவின் மூத்த அதிகாரிகளாயிருந்த மத்சுயி குடும்பத்தின் சேகரிப்பில் பாதுகாக்கப்படுகிறது. நீளம் நான்கு அடிக்குச் சற்று அதிகம். அதைப் பற்றி வழங்கும் செய்தி இது: முதுமையில் குமாமொட்டோவில் தங்கியிருந்த முசாஷியிடம், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், அன்று தீவில் எத்தகைய மரவாளைக் கொண்டு கோஜிரோவை வென்றீர்கள் என்று வினவினாராம். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய சண்டை. முசாஷி ஒரு மரத்துண்டை எடுத்து, அதே அளவில் மற்றொரு வாளைச் செதுக்கி, கேட்டவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.